உள்ளே வர திறந்த கதவு, வெளியே போக பூட்டிய கதவு! தூத்துக்குடி வாசலில் விவசாயியை மறிப்பது யார்?



எல்லை என்றவுடன் நமக்கு காஷ்மீர் ஞாபகம் வரும், வாகா ஞாபகம் வரும், துப்பாக்கி பிடித்த சிப்பாய் ஞாபகம் வரும். பெரம்பலூர் மாவட்டத்தில் வெங்காயம் போட்டவனுக்கும், பருத்தி போட்டவனுக்கும் எல்லை அங்கே இல்லை. தூத்துக்குடி துறைமுகத்தில், சுங்க அதிகாரி மேசையில் இருக்கிறது. அதுவாவது ஒரே இடத்தில் நிற்கிறதா? இல்லை. டெல்லியில் ஒரு அறிவிக்கையில் கையெழுத்து விழுந்தால் போதும், ராத்திரியோடு ராத்திரியாக அந்த எல்லை முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்து வந்து நம் வெங்காயப் பட்டறை வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்கிறது. நேற்றுவரை விற்ற சரக்கு இன்று விற்காது. நேற்று போன் எடுத்த வியாபாரி இன்று எடுக்க மாட்டான்.

இந்தத் துண்டுப் பிரசுரம் அந்த நடமாடும் எல்லையைப் பற்றியது. கொஞ்சம் நீளம்தான். டீக்கடையில் உட்கார்ந்து ஒருவர் வாசிக்க நாலு பேர் கேளுங்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் வந்த இடி

2023 ஆகஸ்ட் 19. சனிக்கிழமை. வெங்காய ஏற்றுமதிக்கு 40 சதவீத வரி என்று மத்திய அரசு அறிவித்தது. எப்போதிலிருந்து? உடனே! அடுத்த மாதம் என்று இல்லை, அடுத்த வாரம் என்றுகூட இல்லை.

சரி, அன்றைக்கு நாட்டில் வெங்காயம் தங்கமாய் விற்றதா? சில்லறை விலை நாடு முழுக்கச் சராசரியாக கிலோ சுமார் 30 ரூபாய். முப்பது ரூபாய் வெங்காயத்துக்கு நாற்பது சதவீத வேலி! இனிமேல் ஏறிவிடுமோ என்ற பயத்திலேயே போட்ட வேலி அது. நோய் வருமோ என்று பயந்து காலை வெட்டினது போல.

அப்புறம் நடந்த கூத்தைக் கேளுங்கள். அக்டோபர் கடைசியில், டன் 800 டாலருக்குக் குறைந்து வெளிநாட்டுக்கு விற்கக் கூடாது என்றார்கள். டிசம்பர் 8 முதல் ஏற்றுமதிக்கே தடை. 2024 மார்ச் 31 வரைதான் தடை என்று சொன்னார்கள். அந்தத் தேதி வருவதற்கு முன்பே, மறு உத்தரவு வரும்வரை என்று நீட்டினார்கள். மே 4 அன்று தடையை எடுத்தார்கள், கையோடு 550 டாலர் குறைந்தபட்ச விலையையும் 40 சதவீத வரியையும் மாட்டிவிட்டார்கள். செப்டம்பர் 13 அன்று குறைந்தபட்ச விலையை நீக்கி, வரியை 20 ஆக்கினார்கள். 2025 ஏப்ரல் 1 முதல் வரி முழுக்க நீக்கம். இருபது மாதத்துக்குள் ஆறு முறை கதவைத் திறந்து மூடி, மூடித் திறந்து விளையாடியிருக்கிறார்கள். எழுபது எண்பது நாளில் வீட்டுக்கு வருகிற பயிர் சின்ன வெங்காயம். விதைக்கும்போது ஒரு சட்டம், களை எடுக்கும்போது ஒரு சட்டம், பிடுங்கும்போது ஒரு சட்டம் என்றால் எவனய்யா கணக்குப் போட்டு விவசாயம் பண்ணுவது?

தேதிகளை இன்னொரு தடவை பாருங்கள். 2024 மே 4 என்பது மகாராஷ்டிரத்தில் வெங்காய விவசாயிகள் நிறைந்த பல தொகுதிகள் எம்.பி. தேர்தலில் ஓட்டுப் போடுவதற்கு முந்தைய நாட்கள். 2024 செப்டம்பர் 13 என்பது அதே மாநிலத்தின் சட்டமன்றத் தேர்தலுக்கு இரண்டு மாதம் முன்பு. மழையைப் பார்த்து விதைக்கிறோம் நாம். அவர்கள் தேர்தலைப் பார்த்துக் கதவைத் திறக்கிறார்கள். தடை இருந்த நேரத்திலேயே, 2024 ஏப்ரலில், குஜராத் வெள்ளை வெங்காயம் 2,000 டன் மட்டும் போகலாம் என்று ஒரு சந்து திறந்தார்கள். நாசிக் விவசாயி கொதித்துப் போனான். கொதிக்க மாட்டானா?

வரி யார் தலையில்?

"வரி ஏற்றுமதியாளருக்குத்தானே, உங்களுக்கு என்ன?" என்று பட்டணத்துப் படித்தவர்கள் கேட்கிறார்கள். கணக்கைப் பார்ப்போம். ஒரு பெரிய குளிர்பதனக் கண்டெய்னரில் 28 டன் ஏற்றுவதாக வைத்துக்கொள்ளுங்கள். கிலோ 30 ரூபாய் என்றால் சரக்கு மதிப்பு 8,40,000 ரூபாய். நாற்பது சதவீதம் 3,36,000 ரூபாய். இதை வெளிநாட்டு வியாபாரி தருவானா? அவனுக்குப் பாகிஸ்தான் வெங்காயம் இருக்கிறது, எகிப்து வெங்காயம் இருக்கிறது, சீனா வெங்காயம் இருக்கிறது. ஏற்றுமதியாளர் தன் பையிலிருந்து போடுவாரா? அவர் என்ன தர்ம சத்திரமா நடத்துகிறார்? மண்டியில் ஏலம் கேட்கும்போதே அந்தப் பன்னிரண்டு ரூபாயைக் கழித்துவிட்டுத்தான் கேட்பார். மண்டிக்கும் கீழே யார் இருக்கிறார்? நாம்தான் இருக்கிறோம். நமக்குக் கீழே மண்தான் இருக்கிறது. மண் மேலே நாம் வரி போட முடியாது.

அன்றைக்கு நாசிக் பக்கத்து மண்டிகள் கதவடைத்துப் போராடின. உடனே டெல்லி ஓடி வந்து குவிண்டாலுக்கு 2,410 ரூபாய் தருகிறோம், கூடுதலாக 2 லட்சம் டன் கொள்முதல் செய்கிறோம் என்றது. கிலோ 24 ரூபாய் 10 காசு. போராடியவனுக்கு அதுவாவது கிடைத்தது. அதுவும் வடக்கே, பெரிய வெங்காயத்துக்கு. நம்ம ஊர்ச் சின்ன வெங்காயத்தை எந்த மத்திய ஏஜென்சி தராசு வைத்து எடுத்தது? பார்த்தவர்கள் கையைத் தூக்குங்கள்!

பெரியதைக் கட்டிப் போடுகிற கயிற்றில் சின்னதும் மாட்டிக்கொள்வதுதான் நம் தலையெழுத்து. டெல்லிக்காரன் சாம்பாரில் சின்ன வெங்காயம் போடுவதில்லை. இது ஏறினாலும் இறங்கினாலும் அங்கே யாரும் அழப் போவதில்லை. வாங்குபவர்கள் நம் தமிழ்நாட்டாரும், கேரளத்தாரும், இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், வளைகுடாவில் இருக்கிற நம் ஜனமும்தான். ஆனாலும் 'வெங்காயம்' என்று ஒரு உத்தரவு வந்தால் போதும். பெட்டியைத் திறந்து இது பெரிசா சிறிசா, எந்த ரகம், எந்தச் சான்று என்று பார்த்து முடிக்கும்வரை சரக்கு வெயிலில் கிடக்கிறது. அதற்குப் பயந்தே வியாபாரி வாங்குவதை நிறுத்துகிறார். கர்நாடகக்காரர்கள் விடாமல் கத்தி, 2019-லேயே பெங்களூர் ரோஸ் வெங்காயத்துக்கு 9,000 டன் விலக்கு வாங்கினார்கள். 2020-ல் அதற்கு 10,000 டன், ஆந்திரத்துக் கிருஷ்ணாபுரம் வெங்காயத்துக்கு 10,000 டன், எல்லாம் நம்ம சென்னைத் துறைமுகம் வழியாகவே போனது. 2023 செப்டம்பரிலும் ரோஸ் வெங்காயத்துக்கு வரி விலக்கு வாங்கிக்கொண்டார்கள். வாழ்க! பொறாமை இல்லை. கத்தினவன் பிள்ளைக்குப் பால் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். நாம் கத்தினது போதவில்லை.

லாரி புறப்பட்ட பிறகு மாறும் சட்டம்

இப்போது சொல்லப் போவதுதான் முக்கியம். கவனமாய்ப் படியுங்கள். வக்கீலைக் கேட்டு, சட்டப் புத்தகத்தையும் புரட்டிப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

ஏற்றுமதிச் சரக்குக்கு எந்தத் தேதியின் வரி விகிதம்? வியாபாரம் பேசிய தேதியா? இல்லை. நாம் மூட்டை கட்டிய தேதியா? இல்லை. லாரி புறப்பட்ட தேதியா? அதுவும் இல்லை. 1962-ஆம் வருஷத்துச் சுங்கச் சட்டம் 16-வது பிரிவுப்படி, சரக்கைக் கப்பலில் ஏற்றலாம் என்று சுங்க அதிகாரி உத்தரவு போடுகிறாரே, அந்தத் தேதியில் என்ன விகிதமோ அதுதான். திடீர் வரி போடுகிற அதிகாரம் 1975-ஆம் வருஷத்துச் சுங்கக் கட்டணச் சட்டம் 8-வது பிரிவில் இருக்கிறது. அவசர அதிகாரம் என்று பேர். முதலில் போட்டுவிடலாம், நாடாளுமன்றத்தில் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

இதற்கு என்ன அர்த்தம்? வெள்ளிக்கிழமை ராத்திரி பெரம்பலூரில் ஏற்றுகிறோம். சமயபுரம், பூதக்குடி, சிட்டம்பட்டி, எலியார்பத்தி, புதூர் பாண்டியாபுரம் என்று வரிசையாய் டோல்கேட்டில் மொய் எழுதிவிட்டு லாரி தூத்துக்குடி சேர்கிறது. பயிர் நோய் இல்லை என்று சான்று வாங்க வேண்டும். கஸ்டம்ஸ் ஏஜெண்டு கம்ப்யூட்டரில் ஷிப்பிங் பில் போட வேண்டும். பெட்டியில் அடுக்க வேண்டும், சீல் வைக்க வேண்டும். இதற்குள் சனிக்கிழமை சாயங்காலம் ஆகிவிட்டது. டெல்லியில் பேனா அசைந்துவிட்டது. அதிகாரி உத்தரவு இன்னும் விழவில்லை. முடிந்தது கதை. நேற்று வரி இல்லாமல் விற்ற சரக்குக்கு இன்று 40 சதவீதம் கட்டு, இல்லையென்றால் திருப்பி எடுத்துக்கொண்டு போ!

திருப்பி எடுப்பது சுலபமா? கண்டெய்னருக்குக் கப்பல் கம்பெனி சில நாள்தான் இலவசமாய்த் தரும். அதற்கு மேல் தினமும் வாடகை ஏறும். சரக்குப் பெட்டக நிலையத்தில் இடத்துக்குத் தனி வாடகை. குளிர் பெட்டி என்றால் கரண்டுக்குத் தனிக் காசு. லாரிக்காரர் காத்துக் கிடந்தால் ஹால்டிங் கேட்பார். கேட்காமல் என்ன செய்வார், அவருக்கும் வண்டி டியூ இருக்கிறது. இத்தனைக்கும் நடுவில் உள்ளே வெங்காயம் வியர்க்கிறது, முளைக்கிறது, அழுகுகிறது. இரும்பு என்றால் காத்திருக்கும், கல் என்றால் காத்திருக்கும். விளைந்த பொருளுக்கு உயிர் இருக்கிறது, அது கெஜட்டைப் பார்த்து மூச்சை அடக்கிக்கொள்ளாது.

2023-ல் நம் சங்கத்து உறுப்பினர் ஒருவர் பட்டறை பிரித்து, ஆள் விட்டுத் தாள் அறுத்து, சாக்குப் பிடித்துத் தயாராய் வைத்திருந்தார். கூலி மட்டும் ஆயிரக்கணக்கில் கொடுத்தாயிற்று. வியாபாரி போன் பண்ணி, "அண்ணே, ஏத்தாதீங்க, மேலிருந்து உத்தரவு வந்துருச்சாம், விலை தெரிஞ்சப்பறம் பாத்துக்கலாம்" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார். விலை தெரிவதற்குள் சாக்கில் பாதி ஈரம் கசிந்துவிட்டது. அட்வான்ஸ் இல்லை, அக்ரிமெண்டு இல்லை. யார் மேல் கேஸ் போடுவது? அந்த வியாபாரியைத் திட்டிப் பயனில்லை. அவரும் அன்று தலையில் துண்டைப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்.

தடை போடும்போது கொஞ்சம் சலுகை காட்டுவதாய்ச் சொல்வார்கள். 2023 டிசம்பர் தடையில், அறிவிக்கைக்கு முன்பே கப்பலில் ஏற்றத் தொடங்கிய சரக்கும், துறைமுகத்தில் சுங்கத்தாரிடம் ஒப்படைத்த சரக்கும் போகலாம் என்றார்கள். ரோட்டில் நிற்கிற லாரி? பேக்கிங் கொட்டகையில் கிடக்கிற மூட்டை? பட்டறையில் இருக்கிற வெங்காயம்? அதெல்லாம் அவர்கள் கண்ணுக்குத் தெரியாது. 2020 செப்டம்பர் தடையின்போதோ, பழைய ஒப்பந்தங்களைக் காப்பாற்ற வணிகக் கொள்கையிலேயே இருக்கிற விதியும் இதற்குப் பொருந்தாது என்று பட்டவர்த்தனமாய் எழுதியே வைத்தார்கள்.

அமெரிக்காக்காரன்கூட 21 நாள் கொடுத்தான்!

2025 ஆகஸ்டில் அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப் நம் நாட்டுச் சரக்குகளுக்குக் கூடுதலாக 25 சதவீதம் போட்டு, மொத்தம் 50 சதவீதம் ஆக்கினார். திருப்பூர் நடுங்கியது, இறால் பண்ணைக்காரர்கள் தலையில் கை வைத்தார்கள். அந்த அடாவடியை நாம் கண்டித்தோம். ஆனால் ஒரு விஷயம் பாருங்கள். உத்தரவு போட்டது ஆகஸ்ட் 6, அமலுக்கு வந்தது ஆகஸ்ட் 27. 21 நாள் அவகாசம். அந்த நேரத்துக்கு முன் கப்பலில் ஏறிவிட்ட சரக்கு செப்டம்பர் 17-க்குள் அமெரிக்கா போய்ச் சேர்ந்தால் கூடுதல் வரி கிடையாது என்றும் எழுதினார்கள். நம்மைத் தண்டிக்கப் போட்ட வரியிலேயே அந்நியன் அவ்வளவு யோசித்திருக்கிறான். நம்ம ஓட்டு வாங்கி உட்கார்ந்த அரசாங்கம், நம்ம ரோட்டில் ஓடுகிற நம்ம லாரிக்கு 21 மணி நேரம் கொடுத்ததா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2019 செப்டம்பர் 29 அன்று திடீரென்று வெங்காயத் தடை வந்தபோது, அடுத்த வாரமே அன்றைய வங்காளதேசப் பிரதமர் ஷேக் ஹசீனா டெல்லிக்கு வந்தார். சமையல்காரரிடம் வெங்காயம் போடாமல் சமைக்கச் சொல்லிவிட்டேன், அடுத்த தடவை முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று சபையில் சிரித்துக்கொண்டே கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். மறு வருஷம் செப்டம்பரில் மறுபடியும் சொல்லாமல் கொள்ளாமல் தடை! வாங்குகிறவனுக்கு எத்தனை தடவை பொறுமை இருக்கும்? அவன் வேறு நாட்டில் வாங்கப் பழகிவிடுவான், தன் நாட்டிலேயே விளைய வைக்கவும் பார்ப்பான். ஒருமுறை போன சந்தையைத் திரும்பப் பிடிப்பது ஓடிப்போன மாட்டைப் பிடிப்பது மாதிரி. கயிறு நம் கையில் இருக்கும், மாடு வேறு ஊர்ச் சந்தையில் இருக்கும்.

கதவு யாருக்காகத் திறக்கிறது?

வெளியே போகிற கதவை இப்படிப் பூட்டுகிறவர்கள் உள்ளே வருகிற கதவை என்ன செய்கிறார்கள்? 2025 ஆகஸ்ட் 19 முதல் பருத்தி இறக்குமதிக்கு இருந்த 11 சதவீத வரியை எடுத்துவிட்டார்கள். முதலில் செப்டம்பர் 30 வரை என்றார்கள், பிறகு டிசம்பர் 31 வரை என்று நீட்டினார்கள். (ஆகஸ்ட் 19 நமக்கு ராசியில்லாத தேதி போலிருக்கிறது!) நம்ம மாவட்டத்தில் பருத்தி விதைக்கிற நேரம் அது. இங்கே காய் வெடிப்பதற்குள் வெளிநாட்டுப் பஞ்சு மில் குடோனில் ஏறிவிடும். பிறகு நம் பஞ்சுக்கு யார் விலை கேட்பான்? மில்காரர் மேலும், திருப்பூர்த் தொழிலாளி மேலும் நமக்குக் கோபமில்லை. அமெரிக்க வரியால் அவர்களுக்கு அடி விழுந்தது உண்மை. அந்த அடிக்கு மருந்து போடுவது அரசாங்கத்தின் கடமை. பருத்தி விவசாயியின் தோலை உரித்து அதில் மருந்து காய்ச்சாதே என்கிறோம்.

எண்ணெயும் அதே கதை. 2024 செப்டம்பரில் கச்சாப் பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்க்கு 20 சதவீத அடிப்படை வரி போட்டார்கள். கடலை போட்டவனும் தென்னை வைத்தவனும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தான். 2025 மே கடைசியில் அதை 10 ஆகக் குறைத்துவிட்டார்கள். புழுங்கல் அரிசிக்கு 2023 ஆகஸ்ட் 25 முதல் 20 சதவீத ஏற்றுமதி வரி, பச்சரிசிக்கு அதற்கு ஒரு மாதம் முன்பே தடை, கோதுமைக்கு 2022 மே மாதத் தடை என்று அடுக்கிக்கொண்டே போகலாம், இடம் போதாது.

விலை ஏறினால் வெளியே பூட்டு. விலை இறங்கினால் உள்ளே திறப்பு. இரண்டு பக்கமும் கதவு நம் மூக்கிலேயே இடிக்கிறது.

பக்கத்து நாடு இலங்கையைப் பாருங்கள். அங்கே 2007-ல் கொண்டுவந்த விசேட வியாபாரப் பண்ட வரி என்று ஒன்று இருக்கிறது. தம்புள்ளை, மாத்தளைப் பக்கம் வெங்காய அறுவடை வரும் சமயத்தில் இறக்குமதி மேல் அந்த வரியை ஏற்றி, தன் விவசாயியைக் காப்பாற்றப் பார்க்கிறது அந்த அரசு. அதனால் நம் வெங்காயத்துக்கு நஷ்டம்தான். ஆனாலும் அது தன் விவசாயிக்காகப் போட்ட வேலி. நம்ம ஊரில் சொந்த விவசாயிக்கு எதிராகவே வேலி போடுகிறார்கள்.

வெள்ளைக்காரன் தேசத்திலும் இதே கூத்து

"வரி இல்லையென்றால் பிரச்சினை இல்லையே, 2025 ஏப்ரலில்தான் எடுத்துவிட்டார்களே" என்று சொல்லுகிறவர்களுக்காக ஒரு வெளிநாட்டுச் சேதி. வரியே இல்லாமல் வெறும் காகிதத்தை வைத்தே ஒரு எல்லை விவசாயியை என்ன பாடு படுத்தும் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

பிரிட்டன் நாடு ஐரோப்பிய யூனியனை விட்டு வெளியேற 2016-ல் ஓட்டுப் போட்டது. 2021 ஜனவரி 1 முதல் இரண்டுக்கும் நடுவில் புதிதாய்ச் சுங்க எல்லை. ஒப்பந்தம் போட்டு, அந்தந்த நாட்டிலேயே விளைந்த சரக்குக்கு வரி கிடையாது என்றார்கள். வரி இல்லை, சரி. ஆனால் அதுவரை நம்ம ஊரில் திருச்சிக்கும் மதுரைக்கும் லாரி போவது போலப் போய்க்கொண்டிருந்த வண்டிகளுக்குச் சுங்கப் படிவம் வந்தது, விளைந்த நாட்டுச் சான்று வந்தது, இறைச்சிக்கும் மீனுக்கும் கால்நடை டாக்டர் கையெழுத்துப் போட்ட சான்று வந்தது. டோவர் துறைமுகம் இருக்கிற கென்ட் மாவட்டத்துக்குள் பெரிய லாரி நுழையவே சில மாதம் தனி பெர்மிட் வாங்க வேண்டியிருந்தது. ஒரே லாரியில் பத்து சின்ன வியாபாரியின் சரக்கை ஏற்றினால், ஒருவர் காகிதத்தில் பிழை என்றாலும் பத்துப் பேர் சரக்கும் நிற்கும். அதனால் லாரிக் கம்பெனிகள் சின்னவனின் சரக்கை ஏற்றவே தயங்கின. பெரிய கம்பெனிக்குக் காகிதம் எழுத ஆபீஸ் இருக்கிறது. நாலு பெட்டி அனுப்புகிறவனுக்கு என்ன இருக்கிறது? ஸ்காட்லாந்து விதை உருளைக்கிழங்கு பேர்போனது. அது ஐரோப்பாவுக்குப் போவது அன்றோடு அடியோடு நின்றது.

இதில் நம் கதையோடு ஒட்டுகிற இடம் இதுதான். ஐரோப்பா முதல் நாளிலிருந்தே பிரிட்டன் விவசாயியின் சரக்கை நிறுத்திச் சோதித்தது. பிரிட்டன் அரசோ, கடையில் சாப்பாட்டுச் சாமான் குறைந்துவிடும் என்று பயந்து, ஐரோப்பாவிலிருந்து வரும் உணவுக்குச் சோதனையைத் தள்ளி வைத்தது, மறுபடி தள்ளி வைத்தது, 2024-ல்தான் ஆரம்பித்தது. மூன்று வருஷம் அவன் சரக்கு உள்ளே சும்மா வந்தது, இவன் சரக்கு வெளியே போக முக்கியது. இந்தத் தொல்லையைக் குறைக்க 2025 மே மாதம் இரண்டு பேரும் மறுபடி உட்கார்ந்து பேச ஒப்புக்கொண்டார்கள். நாலரை வருஷம் முன்கூட்டியே தெரிந்து போட்ட எல்லைக்கே இந்தக் கதி. நமக்கு நாலரை மணி நேரம்கூட இல்லை.

பட்டணத்து ஏழை என்ன செய்வான்?

நியாயமான கேள்வி. தட்டிக் கழிக்கக் கூடாது. கிலோ 80 ரூபாய்க்கு வெங்காயம் வாங்க முடியாமல் நிற்கிற கூலித் தொழிலாளி நமக்கு அந்நியன் இல்லை. நம் வீட்டுப் பிள்ளைகள்தான் திருப்பூரிலும் சென்னையிலும் கூலிக்கு இருக்கிறார்கள். அவர்களுக்கு மலிவாய்க் கொடு. ரேஷன் கடையில் கொடு. அறுவடைக் காலத்தில் மண்டி விலைக்கு எங்களிடம் வாங்கிக் கிடங்கில் வை, தட்டுப்பாட்டில் எடுத்துக் கொடு. அதற்கென்றே விலை நிலைப்படுத்தும் நிதி என்று ஒன்று வைத்திருக்கிறாயே! அந்தச் செலவு நாட்டுச் செலவு. நாடு முழுக்கச் சேர்ந்து தாங்க வேண்டிய அந்தச் செலவை வெங்காயம் போட்ட ஒருத்தன் தலையில் மட்டும் கட்டுகிறாயே, அதைத்தான் கேட்கிறோம். வெங்காயம் கிலோ 5 ரூபாய்க்கு விழுந்து ரோட்டில் கொட்டினோமே, அந்த நாட்களில் எந்தப் பட்டணத்துப் பத்திரிகை "விவசாயி என்ன செய்வான்" என்று தலைப்புப் போட்டது?

சுங்கம் தவிர்த்தவன் மண்ணிலிருந்து கேட்கிறோம்

நமக்குப் பக்கத்தில்தான் கங்கைகொண்ட சோழபுரம். அங்கிருந்து ஆண்ட முதலாம் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று ஒரு பட்டம். தொள்ளாயிரம் வருஷத்துக்கு முந்தின கதை. எத்தனையோ போர் செய்த ராஜாவை, சுங்கத்தை எடுத்ததற்காக ஜனம் ஞாபகம் வைத்திருக்கிறது. அவனைப் போல எல்லாச் சுங்கத்தையும் எடுத்துவிடு என்று நாம் கேட்கவில்லை. வெளிநாட்டு மலிவுச் சரக்குக்குச் சுங்கம் வேண்டும், அது நமக்கே தேவை. நாம் கேட்பது வேறு.

வேளாண் விளைபொருள் ஏற்றுமதிக்கு வரியோ தடையோ போடுவதானால் குறைந்தது முப்பது நாள் முன்னறிவிப்புக் கொடு. உத்தரவு தேதிக்கு முன் ஈ-வே பில் போட்டுப் புறப்பட்ட லாரியும், ஒப்பந்தம் பதிவான சரக்கும் பழைய விகிதத்திலேயே போகட்டும். அதற்கு வேண்டிய சட்டத் திருத்தத்தைக் கொண்டு வா. சின்ன வெங்காயத்தைப் பெரிய வெங்காயத்தோடு சேர்த்துக் கட்டாதே, தடை வரி எதுவானாலும் அதற்குத் தனி உத்தரவு போடு. பயிர் நலச் சான்றை வாங்கத் தூத்துக்குடிக்கும் சென்னைக்கும் அலைய விடாமல், விளைகிற மாவட்டத்திலேயே வாரத்தில் இரண்டு நாளாவது அதிகாரி உட்காரட்டும். அறுவடைக்கு முந்தின மூன்று மாதத்தில் பருத்தி, எண்ணெய் இறக்குமதி வரியில் கை வைக்காதே. தடை போட்டு விலை விழுந்தால், விழுந்த வித்தியாசத்தை அரசே விவசாயி கணக்கில் போடு. நாட்டு நன்மைக்காக நிலத்தை எடுத்தால் நஷ்ட ஈடு தருகிறாய், விளைச்சலின் விலையை எடுத்தால் மட்டும் தர மாட்டாயா?

மாநில அரசுக்கும் ஒரு வார்த்தை. கர்நாடக, மகாராஷ்டிர அரசுகள் தங்கள் வெங்காயத்துக்காக டெல்லியில் போய் நிற்கின்றன. நீங்கள் எழுதிய கடிதங்கள் எங்கே போயின என்று தேடிப் பாருங்கள். கடிதம் போதாது, வேளாண் அமைச்சரே நேரில் போய் உட்கார வேண்டும்.

இப்போது வரி இல்லையே, ஏன் கிளம்புகிறீர்கள் என்று யாராவது கேட்டால் சொல்லுங்கள்: 8-வது பிரிவு அப்படியே இருக்கிறது, 16-வது பிரிவு அப்படியே இருக்கிறது, பேனாவும் அங்கேயே இருக்கிறது. வீடு பற்றியெரியும்போது கிணறு வெட்டுகிற வேலையை நம் சங்கம் இனி செய்யப் போவதில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை காலை 10 மணிக்குக் கலெக்டர் ஆபீஸ் முன் பெருந்திரள் ஆர்ப்பாட்டம். ஒவ்வொருவரும் ஒரு காலி வெங்காயச் சாக்கும், 2023-க்குப் பிறகு மண்டியில் வாங்கிய சிட்டை ஏதாவது இருந்தால் அதன் ஜெராக்ஸும் கொண்டு வாருங்கள். சிட்டைகளைச் சாக்கில் கட்டி, மனுவோடு கலெக்டர் மூலம் டெல்லிக்கு அனுப்பப் போகிறோம். ஒவ்வொரு கிராமத்திலிருந்தும் டிராக்டர் காலை 8 மணிக்குக் கிளம்பும். டீசலுக்கு வீட்டுக்கு 20 ரூபாய் கிளைச் செயலாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பெண்கள் கட்டாயம் வர வேண்டும், தாள் அறுத்த கைகள் அவர்களுடையவை. லாரி டிரைவர் சங்கத் தோழர்களும் சுமைப்பணித் தோழர்களும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
விவசாயிகள் சங்கச் செயலாளர்